பூந்தமல்லி நாயக்கர்களின் கொடிவழி

பூந்தமல்லி வட்டார வரலாறு: ஒன்பதாம் பகுதி

சென்னை நகரம் பிறந்த கதையை எழுதுகிறவர்கள் 1639-ஆம் ஆண்டில் தொடங்குவது வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி பெற்றார். அனுமதி கொடுத்தவர் தாமர்லா வெங்கடப்ப நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் ஊருக்குச் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது. இவ்வளவு சொன்னதும் நாயக்கர் குடும்பத்தின் பேச்சு முடிந்துவிடும். அடுத்த பத்தியிலிருந்து கம்பெனிக்காரர்களின் கதைதான். நம் வட்டாரத்தார் அப்படிக் கடந்துபோக முடியாது. வெங்கடப்பர் வந்தவாசியைத் தன் இருப்பிடமாகக் கொண்டு, விஜயநகரப் பேரரசரின் சபையில் செல்வாக்கோடு இருந்தவர். பழவேற்காட்டுக்கும் சாந்தோமுக்கும் இடைப்பட்ட கடற்கரையை அவருக்காகக் கவனித்துக்கொண்டவர் அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர். அந்தத் தம்பி இருந்த ஊர் பூந்தமல்லி. நசரத்பேட்டை, திருமழிசை, செம்பரம்பாக்கம் என்று இன்று நாம் பேருந்து நிறுத்தங்களாக அறிந்திருக்கும் இடங்கள் அவர் வாசலுக்கு எதிரே கிடந்த நிலம். காஞ்சிபுரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதை இங்கேதான் செல்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீரில் விளையும் வயல்கள் இங்கேதான் இருக்கின்றன. நெல்லும் பாதையும் ஒருசேரக் கைக்குள் இருக்க வேண்டும் என்று நினைக்கும் எந்த அதிகாரியும் இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்.

இந்தக் குடும்பத்துக்குக் கொடிவழி எழுதச் சொன்னால் பெரும்பாலோர் ஒரு நேர்கோடு போடுவார்கள்: சென்னப்பர், அவருக்குக் கீழே வெங்கடப்பர், பக்கத்தில் ஐயப்பர். இன்னும் கொஞ்சம் தேடியவர்கள் அங்கபூபாலர் என்ற மூன்றாவது மகனையும் சேர்ப்பார்கள். அந்தக் கோட்டில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் வரலாற்றில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. காளஹஸ்திப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வந்தவாசியையும் பூந்தமல்லியையும் எப்படிக் கையில் வைத்திருந்தது? இங்கே இருந்ததை ஐந்தாறு ஆண்டுகளில் எப்படி இழந்தது? அப்பனுக்குப் பின் மகன் என்று போகும் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. தாயின் பிறந்த வீட்டையும், நிலம் எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தாமர்லா குடும்பத்தின் ஏற்றமும் இறக்கமும் புரியும். இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் சான்றுகள் என்னென்ன என்று பார்ப்போம். மூன்று வகையான ஆதாரங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஒன்று, கம்பெனி ஊழியர்கள் தங்களுக்குள்ளும் மேலதிகாரிகளுக்கும் எழுதிய கடிதங்கள். இவற்றில் பெரும்பகுதியை ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய தொகுதிகளில் காணலாம். இரண்டாவது, குடும்பத்துக்குள்ளேயே பிறந்த தெலுங்கு இலக்கியம். சென்னப்பரின் மகன் அங்கபூபாலர் ‘உஷாபரிணயம்’ என்ற காவியத்தை எழுதித் தந்தைக்கே காணிக்கையாக்கினார். மூன்றாவது, ‘வெலுகோடிவாரி வம்சாவளி’ என்ற மரபு வரலாறு. வேங்கடகிரியை ஆண்ட வெலுகோடி வம்சத்தாரின் புகழ்ச் செய்யுட்களைக் கொண்ட இந்த நூலை ந. வேங்கடரமணய்யா பதிப்பித்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1939-இல் வெளியிட்டது. நகரம் தன் முந்நூறாவது ஆண்டைக் கொண்டாடிய அதே ஆண்டு அது. கடிதங்களை எழுதியவர்களுக்குக் குடும்பப் பெருமை ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்கு வேண்டியது துணியும் சுங்கச் சலுகையும். காவியத்தை எழுதியவருக்கோ குடும்பப் பெருமைதான் முழு நோக்கம். இப்படி எதிரெதிர் நோக்கம் கொண்டவர்கள் ஒரே செய்தியைச் சொல்லும் இடங்களில் நாம் உறுதியாகக் கால் ஊன்றலாம்.

‘உஷாபரிணயம்’ ஒரு மகன் தந்தையைப் புகழ்ந்து எழுதியது, அதை எப்படிச் சான்றாகக் கொள்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பழவேற்காட்டு டச்சுக்காரர்களும் மயிலாப்பூர்ப் போர்த்துகீசியரும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்ததைத் தடுக்க, இருவருக்கும் நடுவே ஐயப்பர் தன் தந்தையின் பெயரால் ஒரு பட்டினத்தை எழுப்பினார் என்று அந்த நூல் சொல்கிறது. கம்பெனியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கம்பெனிக் கடிதங்களிலோ பட்டினம் எழுந்தது டே, ஆண்ட்ரூ கோகன் ஆகியோரின் முயற்சியால். 1640 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கினார்கள். கோட்டைச் செலவை நாயக்கர் ஏற்பார் என்று நம்பி ஏமாந்தார்கள். தங்கள் பணத்திலேயே கட்டினார்கள். இரண்டு பக்கமும் பெருமையைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆனால் தந்தை பெயர் சென்னப்பர் என்பதிலும், அண்ணன் தம்பிகளின் பெயர்களிலும், ஐயப்பர் இந்தக் கடற்கரையின் பொறுப்பில் இருந்தார் என்பதிலும் முரண்பாடு இல்லை. புகழ்பாடுகிறவர் செயலைப் பெரிதாக்குவார். கேட்டுக்கொண்டிருக்கும் சபையில் தகப்பனும் பங்காளிகளும் உட்கார்ந்திருக்கும்போது உறவுமுறையை மாற்றிச் சொல்ல அவரால் முடியாது. ஆகவே செயலைப் பற்றிய வரிகளைச் சலித்துப் பார்த்தும், உறவைப் பற்றிய வரிகளை ஏறக்குறைய அப்படியேயும் எடுத்துக்கொள்வதுதான் இத்தகைய நூல்களைப் படிக்கும் முறை. ஊர்ப்பெயர் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து வந்தது என்ற மாற்றுக் கருத்து ஒன்று இருக்கிறது. குடும்பத்தாரே தந்தை பெயரால் ஊர் எழுந்ததாக எழுதி வைத்திருக்கும்போது அந்தக் கருத்துக்கு நான் அதிக எடை கொடுக்கவில்லை. நம் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

இனித் தாயின் பக்கம் வருவோம். சென்னப்பரின் மனைவி அக்கமாம்பா வெலுகோடி யாச்சம நாயக்கரின் உடன்பிறந்தவர். தமிழ்நாட்டு வரலாற்றில் யாச்சமர் இன்னும் நன்கு அறியப்பட வேண்டியவர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் வேலூர் லிங்கம நாயக்கரின் தரப்பை எதிர்த்துப் போரிட்டு வென்றவர் அவர். 1614-இல் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்தார். முடிசூட்டப்பட்ட இரண்டாம் ஸ்ரீரங்கரை ஏற்க கோப்பூரி ஜக்கராயர் மறுத்தார். அரசரையும் அவர் குடும்பத்தையும் சிறையில் அடைத்துக் கொன்றார். அந்தக் கொலையிலிருந்து ராமதேவன் என்ற சிறுவனை ஒரு சலவைத் தொழிலாளியின் துணையோடு ரகசியமாக வெளியேற்றிக் காப்பாற்றியவர் யாச்சமர். பிறகு தஞ்சை ரகுநாத நாயக்கரைத் துணையாகக் கொண்டு, மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம் நின்ற நிலையிலும், கல்லணைக்கு அருகே தோப்பூரில் அவரை வீழ்த்திச் சிறுவனை அரியணையில் ஏற்றினார். இது கவிஞர்களின் புகழ்ச்சி மட்டும் இல்லை. பர்ராதாஸ் என்ற ஜெசூட் பாதிரியார் அந்தக் குழப்பம் நடந்துகொண்டிருந்தபோதே எழுதிய கடிதத்தில் யாச்சமரின் பெயர் இருக்கிறது. ராபர்ட் சூயல் 1900-இல் வெளியிட்ட விஜயநகர வரலாற்று நூலில் அதை மொழிபெயர்த்துச் சேர்த்தார். வந்தவாசியையும் பூந்தமல்லியையும் வைத்திருந்த அண்ணன் தம்பிகளுக்குத் தாய்மாமன் இந்த யாச்சமர். தாய்மாமன் என்ற உறவுக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாய்மாமன் வீட்டுக் கொடிவழியே ஒரு தனிக் கதை. அதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. வெலுகோடி வம்சத்தார் ரேச்செர்ல கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். காகதீயர் காலத்தில் வாழ்ந்த செவ்வி ரெட்டி என்பவரைத் தம் மூதாதையாகச் சொல்கிறார்கள். அவர் தன் பண்ணையாளான ரேச்சனோடு நிலத்தை உழும்போது புதையல் கிடைத்ததாம். நரபலி கொடுத்தால்தான் எடுக்கலாம் என்று ஒரு குரல் சொன்னதாம். தாழ்த்தப்பட்ட குடியைச் சேர்ந்த ரேச்சன் தன்னையே பலியாகக் கொடுக்க முன்வந்தான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தான்: எஜமானின் சந்ததி தன் பெயரைக் கோத்திரமாகத் தாங்க வேண்டும், அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கு முன்னால் தன் குடியில் ஒரு திருமணம் நடத்தித் தர வேண்டும். இதை நடந்த நிகழ்ச்சியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு ராஜவம்சம் தன் பெயருக்கு மூலமாக ஒரு பண்ணையாளின் உயிரைக் காட்டுவது எளிதில் காணக்கிடைக்காத செய்தி. நிலத்தில் உழைத்துச் செத்தவனுக்கு அந்த நிலத்தை ஆள்பவன் கடன்பட்டிருக்கிறான் என்ற உணர்வு, வேறெந்த ஆவணத்திலும் இடம் பெறாமல், இந்தக் கொடிவழிக்குள் தங்கியிருக்கிறது. பெருமைக்காக எழுதப்பட்ட மரபு வரலாறுகளைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரேச்சனின் குடும்பத்துக்கு என்று ஒரு வம்சாவளி எழுதப்படவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூதாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. ஸ்காட்லாந்தை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்தைப் பாருங்கள். ஹெக்டர் போயஸ் 1527-இல் வெளியிட்ட ஸ்காட்லாந்து வரலாற்றில் அவர்களுக்குப் பாங்கோ என்ற பழம்பெரும் பிரபுவை மூதாதையாக்கினார். ஷேக்ஸ்பியர் ‘மாக்பெத்’ நாடகத்தில் அவரை அழியாத பாத்திரமாக்கிவிட்டார். அப்படி ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. பழைய சாசனங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த ஹொரேஸ் ரவுண்டு, ஸ்டூவர்ட்டுகள் பிரான்சின் பிரிட்டானிப் பகுதியில் டோல் என்ற ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஆலன் என்பவரின் வழியினர் என்று 1901-இல் விளக்கினார். ஆலனின் மகன் வால்டர் ஸ்காட்லாந்துக்குப் போய் அரண்மனைக் காரியத்தலைவர் பதவி பெற்றார். அந்தப் பதவியும் அதோடு சேர்ந்த நிலங்களும் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியவை என்று அரசர் நான்காம் மால்கம் சாசனம் எழுதிக்கொடுத்தார். பதவியின் பெயரே வீட்டுப்பெயரானது. நம் வாதத்துக்கு முக்கியமானது அடுத்த செய்தி. 1315-இல் இந்தக் குடும்பத்து இன்னொரு வால்டர், அரசர் ராபர்ட் புரூசின் மகள் மார்ஜரியை மணந்தார். அவர்களுடைய மகன் 1371-இல் இரண்டாம் ராபர்ட் என்ற பெயரில் அரசனானார். இரண்டு நூற்றாண்டு காலம் தந்தைவழியில் கைமாறியது காரியத்தலைவர் பதவி. அரியணையைக் கொண்டுவந்தது தாய்.

பூந்தமல்லிக்குத் திரும்புவோம். அக்கமாம்பாவின் திருமணத்துக்காக இந்த நிலம் கொடுக்கப்பட்டது என்று எழுதிய பட்டயம் எங்கே என்று ஒருவர் கேட்கலாம். அப்படிப் பட்டயம் எதையும் நான் முன்வைக்கவில்லை. நான் சொல்வது வேறு. பாலாற்றுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள இந்தப் பகுதி பதினேழாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் யாச்சமர் போரிட்டுக் கால் ஊன்றிய களம். தோப்பூர் வெற்றிக்குப் பிறகு அவர் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. அதைக் குலைத்தது போர்க்களத் தோல்வி எதுவும் இல்லை, ஒரு திருமணம். யாச்சமர் உயிரைக் காப்பாற்றி அரியணையில் அமர்த்திய அதே ராமதேவர், ஜக்கராயரின் தம்பி எதிராஜரின் மகளை மணந்தார். உடனே காற்று திசை மாறியது. மாமனார் வீட்டுக்கு நிலம் போனது. யாச்சமர் தன் பிடியிலிருந்த பகுதிகளை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. நடுவே நின்ற பழவேற்காடும் இந்த இழுபறியில் சிக்கியது. 1610-இல் டச்சுக்காரர்கள் முதலில் இடம் பெற்றபோது அந்த ஊர் இரண்டாம் வேங்கடரின் அரசி ஒருவரின் அதிகாரத்தில்தான் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்குள் இந்தக் கடற்கரையின் அதிகாரம் கைமாறிய ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு பெண்ணின் பிறந்த வீடோ புகுந்த வீடோ இருக்கிறது.

1632-இல் ராமதேவர் இறந்து மூன்றாம் வேங்கடர் பட்டத்துக்கு வந்ததும் படம் மீண்டும் மாறுகிறது. அந்த ஆட்சியில்தான் தாமர்லா சகோதரர்கள் முன்னணிக்கு வருகிறார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில்தான் வந்தவாசியிலும் பூந்தமல்லியிலும் அவர்களைக் காண்கிறோம். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: யாச்சமரின் பகைவர்களுக்கு அவருடைய சொந்த மகனோ தம்பியோ இங்கே வருவது பொறுக்காது. சகோதரியின் மகன்கள் வேறு வீட்டுப்பெயர் தாங்கியவர்கள். பழைய பகையின் நேரடி வாரிசுகள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அதே நேரத்தில், தாய்மாமன் வீட்டோடு போரிட்ட வீரர்களுக்கும், ஊர்த் தலைக்கட்டுகளுக்கும் அவர்கள் அந்நியர்களும் இல்லை. பகைவன் ஏற்கக்கூடிய வீட்டுப்பெயரும், ஊரார் அறிந்த தாய்வழியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது பேரரசருக்கு மிகவும் வசதியான ஏற்பாடு. இது என் அனுமானம்தான். ஆனால் தந்தைவழியை மட்டும் வைத்து இந்த ஏற்றத்தை விளக்க முயல்பவர்கள், காளஹஸ்தித் தலைவர் ஒருவரின் மகன்களுக்கு ஏன் இந்தக் கரை, ஏன் இந்த நேரத்தில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் நிற்கிறார்கள்.

இங்கே இன்னொரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல் என்ற பழைய ஊர் இருக்கிறது. வெங்கடப்பரைத் தாமல் வெங்கடப்ப நாயக்கர் என்று எழுதும் வழக்கமும் தமிழில் உண்டு. எனவே இவர்கள் அந்த ஊரைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை முடிவு செய்யக் கூடாது. அன்றைய ஆளும் குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வட்டம் மிகக் குறுகியது. வெலமக் குலத்தின் முதல்வரிசைக் குடும்பமான வெலுகோடியார் தங்கள் பெண்ணைக் கொடுத்த வீடு அந்த வட்டத்துக்கு வெளியே இருந்திருக்க முடியாது. தந்தைக்குக் காணிக்கையாக மகன் தெலுங்கில் காவியம் எழுதியதும் அந்த முடிவோடு பொருந்துகிறது. ஆக, எந்த அக்கமாம்பாவைக் கொடிவழிக் கோட்டில் இதுவரை விட்டுவிட்டு வரைந்தோமோ, அவர்தான் இந்தக் குடும்பம் எது என்ற விவாதத்தையும் தீர்த்துவைக்கிறார். இதனால் யாருடைய பெருமையும் குறைவதாக நான் நினைக்கவில்லை. தொண்டை மண்டலத்து மண்ணில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் சேர்ந்தே ஏரி வெட்டினார்கள், சேர்ந்தே கோயில் கட்டினார்கள். திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லி அவர்களில் எவருக்கும் புண்ணிய பூமியாகத்தான் இருந்தது.

ஏற்றத்துக்குத் தாய்வழி காரணம் என்றால் இறக்கத்துக்கு எது காரணம்? நிலத்தின் தன்மை. விஜயநகரத்தில் நாயக்கர்களுக்குக் கொடுக்கப்பட்டது அமரம். படையை வைத்துப் பராமரிக்க வேண்டும், அரசுக்குச் சேர வேண்டிய தொகையைச் செலுத்த வேண்டும், அழைத்தபோது வர வேண்டும். இவற்றுக்கு ஈடாக ஒரு பகுதியின் வருவாயை அனுபவிக்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துகீசிய வணிகர் நூனிஸ், நிலமெல்லாம் அரசருடையது, தலைவர்கள் அவரிடமிருந்து பெற்று அனுபவிக்கிறார்கள் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்தின் காரியத்தலைவருக்குக் கிடைத்த ‘அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்’ என்ற உறுதிமொழி அமரத்தில் கிடையாது. அந்நாட்டில் மகள் வழியாகக்கூட உரிமை இறங்கியது. எனவே மார்ஜரியின் திருமணம் அவள் மகனுக்கு நிலையான சொத்தைக் கொடுத்தது. இங்கே அக்கமாம்பாவின் திருமணம் அவள் மகன்களுக்குக் கொடுத்தது ஒரு வாய்ப்பு. அதைப் பேரரசர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அது ஏட்டில் இருந்த விதி மட்டும்தான், நடைமுறையில் நாயக்கர்கள் எல்லோரும் பரம்பரை அரசர்களாகவே ஆகிவிட்டார்கள் என்று எதிர்வாதம் செய்யலாம். மதுரை, தஞ்சை, செஞ்சியைப் பொறுத்தவரை அது உண்மை. அவர்கள் தலைநகரிலிருந்து தூரத்தில் இருந்தார்கள், சொந்தப் படைபலம் பெரிது. ஆனால் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நம் பகுதியில் பேரரசரின் சொல் இன்னும் செல்லுபடியாயிற்று. ராமதேவர் யாச்சமரிடமிருந்து எடுத்தது முதல் சான்று. இரண்டாவது சான்று தாமர்லா சகோதரர்களே. 1642-இல் மூன்றாம் வேங்கடர் இறந்தார். மூன்றாம் ஸ்ரீரங்கர் பட்டமேற்றார். கோல்கொண்டாவோடு சேர்ந்து சதி செய்கிறார் என்ற குற்றச்சாட்டில் வெங்கடப்பர் பிடிக்கப்பட்டார். அண்ணனை விடுவிக்க ஐயப்பர் படை திரட்டினார். வெங்கடப்பர் விடுதலை பெற்றாலும் பழைய அதிகாரம் திரும்பவில்லை. கடற்கரைப் பொறுப்பு பழவேற்காட்டு டச்சுக்காரர்களோடு வணிகம் செய்துவந்த மல்லய்யா என்ற செட்டியாரிடம் போனது. போரில் வென்ற பரம்பரைத் தலைவர் யாரும் வந்து பூந்தமல்லியைப் பிடிக்கவில்லை; அரசாணை ஒன்றினால் ஒரு வணிகர் அந்த இடத்துக்கு வந்தார். அமரம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சாசனமும் சொல்லாது.

கம்பெனிக்காரர்கள் இதை உடனே புரிந்துகொண்டார்கள். நாயக்கர் விழுந்ததும் அவர் கொடுத்த அனுமதி நிற்குமா என்ற கவலை அவர்களுக்கு வந்தது. ஹென்றி கிரீன்ஹில் வேலூருக்குப் போய்ப் பேரரசரைப் பார்த்தார். 1645-இல் ஸ்ரீரங்கர் புதிதாக ஒரு சாசனம் கொடுத்தார். அதில் ஊருக்கு ஸ்ரீரங்கராயப்பட்டினம் என்று தன் பெயரையே வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. சென்னப்பரின் பெயரே நிலைத்தது. ஆனால் ஆறே ஆண்டுகளில் புதிய சாசனம் தேவைப்பட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வெங்கடப்பரின் கையெழுத்து ஒரு நிலவுடைமையாளரின் கையெழுத்தாக இருந்திருந்தால் அவர் பதவி போன பிறகும் அது செல்லும். அது ஒரு பதவியாளரின் கையெழுத்து. பதவியோடு அதன் பலமும் போனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மீர் ஜும்லாவின் தலைமையில் கோல்கொண்டாப் படைகள் இந்தப் பகுதியைக் கைப்பற்றின. பூந்தமல்லியின் முக்கியத்துவம் அதோடு குறைந்துவிடவில்லை. கோல்கொண்டாவின் ஆட்சியிலும் இந்த ஊரில்தான் அதிகாரிகள் இருந்தார்கள். பொதிலி லிங்கப்பர் இங்கிருந்துகொண்டு 1670-களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் கோட்டைக்காரர்களை எவ்வளவு நெருக்கினார் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய கதை. இடம் தன் அதிகாரத்தை இழக்கவில்லை. அந்த இடத்திலிருந்து ஒரு குடும்பம்தான் நீங்கியது.

ஆனால் குடும்பம் அழிந்துபோகவில்லை. காளஹஸ்தியில் தாமர்லா வீட்டுப்பெயரைத் தாங்கியவர்கள் பாளையக்காரர்களாக நீடித்தார்கள். ஆர்க்காட்டு நவாபு காலத்தையும் கடந்தார்கள். 1802-இல் கம்பெனி நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வேங்கடகிரி வெலுகோடியாரைப் போலவே, காளஹஸ்தியாரும் ஜமீன்தார்களாகச் சாசனம் பெற்றார்கள். 1948-இல் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அந்த ஏற்பாடு இருந்தது. வீட்டுப்பெயர் ஒன்றாக இருப்பதால் ஒவ்வொரு ஜமீன்தாரையும் வெங்கடப்பரின் நேர் வாரிசு என்று கோடு போட்டுவிடக் கூடாது. பங்காளிக் கிளைகள், சுவீகாரங்கள் எல்லாம் நடுவில் வரும். நமக்கு வேண்டியது ஒரு சிறிய, ஆனால் உறுதியான செய்தி. காளஹஸ்தி தலைமுறைகளாக அவர்களோடு நின்றது. வந்தவாசியும் பூந்தமல்லியும் நிற்கவில்லை. முன்னது வேர்விட்ட பாளையம். பின்னவை பேரரசர் மனம் உள்ளவரை நீடித்த அமரம். ஒரே குடும்பத்தின் ஒரே தலைமுறையில் இந்த இரண்டு வகை நிலமும் இருந்தன. கொடிவழி எழுதுகிறவர்கள் பெயர்களின் கீழே நிலத்தின் வகையையும் குறிப்பார்களானால், இந்த வட்டாரத்தின் பாதி வரலாறு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

எனவே தாமர்லா குடும்பத்தின் கொடிவழியை நான் இப்படி வரைவேன். மேலே சென்னப்பரும் அக்கமாம்பாவும் பக்கத்துப் பக்கத்தில். அக்கமாம்பாவின் பக்கத்தில் யாச்சமர். அவருக்குப் பின்னால் வெலுகோடியார், அவர்களுக்கும் பின்னால் ரேச்செர்லக் கோத்திரம். கீழே மூன்று மகன்கள்: சபையில் இருந்த வெங்கடப்பர், பூந்தமல்லியில் இருந்த ஐயப்பர், காவியம் எழுதிய அங்கபூபாலர். மூவரில் கடைசியாகச் சொன்னவர் எழுதியிருக்காவிட்டால் மற்ற இருவரும் வெளிநாட்டு வணிகர்களின் கணக்குப் புத்தகத்தில் சுங்கம் கேட்டவர்களாக மட்டும் எஞ்சியிருப்பார்கள். அடுத்த பகுதியில் பூந்தமல்லிக்கு வந்த கோல்கொண்டா அதிகாரிகளையும், 1672-இல் நெக்னாம் கான் ஆண்டுக்கு 1,200 வராகன் என்று முடிவுசெய்த உடன்படிக்கையையும், அதை மதிக்க மறுத்த லிங்கப்பரையும் பார்ப்போம்.